கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்: சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு கேள்வி பதில்

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அனுப்பும் கேள்விகளுக்கான பகுதி இது. பதில் சொல்லும் நான் ஒரு சிறப்பாசிரியை. ஆட்டிசம் உள்ள, இப்போது 21 வயதாகும் பையனுக்கு அம்மாவும்கூட. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காலை நேரத்தையும் தூக்கத்தையும் பற்றியவை, அதனால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஆட்டிசம். ஒன்றிரண்டு வார்த்தைகள்தான் பேசுவான். காலையில் பல் தேய்ப்பதில் தொடங்கி வேன் ஏற்றும்வரை தினமும் போராட்டம். பிரஷ்ஷைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி எறிகிறான். இதில் ஸ்பீச் தெரபிஸ்ட் கொடுத்த பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) கொடுத்த பயிற்சி, பள்ளி வீட்டுப்பாடம் எல்லாம் வேறு இருக்கின்றன. எதுவும் முழுதாக முடிவதில்லை. வேன் போனதும் உட்கார்ந்து அழுகிறேன். நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறிக்கு இவ்வளவு பெரிய பட்டியல் இருக்காது. உங்களுக்குப் பயிற்சி கொடுத்த மூன்று தரப்பும் ஒருவரோடொருவர் ஒருமுறையாவது பேசியிருப்பார்களா? அநேகமாக இல்லை. ஆளுக்கு ஆள் "தினம் இருபது நிமிஷம்தானே" என்று சொல்லியிருப்பார்கள். அந்த இருபது நிமிஷங்கள் சேர்ந்து உங்கள் சாயங்காலத்தை முழுசாகத் தின்றுவிடுகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது மூவரிடமும் இதையே கேளுங்கள்: "இந்த மாதம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும். எதைச் செய்யட்டும்?" நல்ல தெரபிஸ்ட் இதற்குக் கோபப்பட மாட்டார். குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ தானாக நடக்கிற மாதிரி அந்த ஒன்றையும் மாற்றிக் கொடுப்பார். கோபப்படுகிறவர் என்றால், அவரைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்துபோகும்.

அப்புறம் பல். காலையில் முழுதாகத் தேய்க்க வேண்டும் என்ற சண்டையைத் தற்போதைக்கு விட்டுவிடுங்கள். வாய் கொப்பளிக்க வைத்தால் போதும். கொப்பளிக்கத் தெரியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பல் மருத்துவர்கள் கட்டாயம் என்று சொல்வது படுக்கப் போகும் முன் தேய்ப்பதைத்தான். தூங்கும்போது வாயில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லைக் காக்க ஆள் இருக்காது. இரவில் வேனும் கிடையாது, அவசரமும் கிடையாது.

அவன் வாயை மூடிக்கொள்வதைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் புதினா வாசனைப் பேஸ்ட் உண்மையிலேயே எரியும், நுரை மூச்சை அடைப்பது போலிருக்கும். மணமில்லாத, நுரைக்காத, ஆனால் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் இருக்கிறது. பல்லின் மூன்று பக்கத்தையும் ஒரே இழுப்பில் தேய்க்கிற பிரஷ்ஷும் இருக்கிறது. எதிரே நின்று பிரஷ்ஷை நீட்டாதீர்கள். தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து பத்துவரை சத்தமாக, தினமும் ஒரே ராகத்தில் எண்ணுங்கள். பத்து வந்ததும், பல் பாதிதான் தேய்த்திருந்தாலும், கையை எடுத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்டா கண்ணா" என்று பதினொன்றுக்குப் போனீர்களோ, நாளையிலிருந்து உங்கள் எண்ணிக்கையை அவன் நம்ப மாட்டான். பத்தில் நிற்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு இருபதுக்குப் போகலாம்.

சட்டையில் கழுத்துக்குப் பின்னால் உள்ள லேபிளை வெட்டிவிடுங்கள். புதுத்துணியின் விறைப்பு போக நாலைந்து தடவை துவைத்துவிட்டு, உள்ளே மெல்லிய பனியன் போட்டுப் பாருங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் அதே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டு வர அனுமதி கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உடுத்தக் கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து ஆரம்பியுங்கள். கால்சட்டையை இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை நீங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவனுக்கு விடுங்கள். "நான் முடித்தேன்" என்பதில்தான் வேலை முடியும். அது பழகியதும் முழங்காலிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து என்று பின்னால் போகலாம். முதல் படியிலிருந்து கற்றுக்கொடுத்தால் அவன் தொடங்குவான், நீங்கள் முடிப்பீர்கள். தினமும் தோல்வியில் முடிகிற வேலை யாருக்குத்தான் பிடிக்கும்?

கடைசியாக ஒன்று. காலையில் நீங்கள் பேசுவதையும் குறையுங்கள். "சீக்கிரம், வேன் வந்துடும், எத்தனை தடவை சொல்றது" என்பதில் அவன் என்ன செய்ய வேண்டும் என்ற தகவல் எதுவுமே இல்லை. சட்டை, ஷூ, பை, வேன் என்று நான்கு போட்டோவை வரிசையாகக் கதவில் ஒட்டுங்கள், முடிந்ததைத் திருப்பி வையுங்கள். "ஷூ போடு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். காதில் விழுந்தது புரிவதற்கே அவனுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். பாதியில் மறுபடி சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வேன் போனபின் அழுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாரம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க விலகாமல் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள். பிள்ளைக்கான அப்பாயின்ட்மென்டில் அதைச் சேர்த்துக் கேட்காதீர்கள், தனியாகப் போங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆட்டிசம் என்று உறுதியானதிலிருந்து, "நீ குழந்தையைக் கொஞ்சாமல் வேலைக்கு ஓடினதால்தான் இப்படி ஆச்சு" என்கிறார் என் மாமியார். கணவர் வாய் திறப்பதில்லை. ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பதில்: உண்மை இல்லை. ஆனால் இந்தப் பழியை உங்கள் மாமியார் கண்டுபிடிக்கவில்லை, பெரிய பெரிய நிபுணர்களே சொன்னதுதான். ஆட்டிசத்தை 1943-இல் விரிவாக எழுதிய மனநல மருத்துவர் லியோ கானர், சில ஆண்டுகள் கழித்துப் பெற்றோரின் ஒட்டாத, உணர்ச்சியற்ற வளர்ப்பைக் குறித்தும் எழுதினார். 1967-இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் அதை இன்னும் பரப்பினார். ஒரு தலைமுறை அம்மாக்களுக்கு "குளிர்சாதனப் பெட்டி அம்மா" என்றே பெயர் விழுந்தது. 1964-லேயே இதை மறுத்துப் புத்தகம் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லேண்ட். உளவியலாளர், கூடவே ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையர்களை ஆராய்ந்து, இதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை, இன்னும் வீடுகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வரலாற்றை மாமியாரிடம் ஒப்பிக்கப் போகாதீர்கள், பயன் இருக்காது. அடுத்த மருத்துவர் சந்திப்புக்குக் கணவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். "எங்கள் வளர்ப்பால் வந்ததா?" என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும். பதிலை அவர் காதால் கேட்டு, அவர் அம்மாவிடம் அவரே சொல்லட்டும். இந்தத் தூதை நீங்கள் சுமக்க வேண்டாம். கொஞ்சுவதில் மாமியார் கெட்டிக்காரர் என்றால் ரொம்ப நல்லது: சாயங்காலம் ஒரு மணி நேரம் பேத்தியை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் படுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, செரிபிரல் பால்ஸி (மூளை முடக்குவாதம்). நடக்க முடியாது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து பாத்ரூமுக்கு, திரும்பப் படுக்கைக்கு என்று நான்தான் தூக்குகிறேன். என் இடுப்பு போய்விட்டது. மனைவியால் தூக்க முடியாது. மகள் வளர வளர என்ன செய்வது?

பதில்: அப்பாக்களிடமிருந்து கடிதம் வருவதே அபூர்வம். வந்தாலும் பள்ளி, பணம், வைத்தியம் என்றுதான் கேட்பார்கள். தூக்குகிற அப்பா எழுதியதில் எனக்குச் சந்தோஷம்.

முதலில் ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். பாதியை நீக்கிவிட முடியும். உடையைப் படுக்கையிலேயே, பக்கவாட்டில் உருட்டி உருட்டி மாற்றலாம். அதற்குத் தூக்கவே வேண்டாம். அடியில் துளையுள்ள சக்கர நாற்காலி ஒன்று இருந்தால், அதில் ஒருமுறை உட்காரவைத்து டாய்லெட், குளியல் இரண்டையும் முடித்துக்கொண்டு படுக்கைக்கு வந்துவிடலாம். படுக்கையின் உயரமும் நாற்காலி இருக்கையின் உயரமும் ஒன்றாக இருந்தால், இடையே வழவழப்பான பலகை போட்டு நகர்த்தலாம். இன்னும் கொஞ்ச நாளில் ஆளைத் தூக்கி இறக்கும் கருவி தேவைப்படும். அதை இப்போதே விசாரித்து வையுங்கள், இடுப்பு முழுதாகப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, முழங்காலை மடக்கி, அவளை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். இடுப்பைத் திருகாமல் கால்களை எடுத்துவைத்துத் திரும்புங்கள். கையைப் பிடித்தோ அக்குளில் கைவிட்டோ இழுத்தால் அவள் தோள்பட்டை விலகக்கூடும். தூக்கும் முன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லுங்கள். அவள் முன்னால் சாய முயன்றாலும், தலையைத் தூக்கிக்கொண்டாலும் உங்களுக்குப் பாரம் குறையும். அதைவிட, தன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். பிசியோதெரபிஸ்ட் முன்னால் நீங்கள் ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள், அவர் திருத்துவார். நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும் ஆபத்து உண்டு. சில சமயம் வலியே இருக்காது. குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

கருவிகள் வந்துவிட்டால் உங்கள் மனைவியாலும் முடியும். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில், அப்பா குளிப்பாட்டுவதை மகளே விரும்பாமல் போகலாம். அதற்கு முன் உங்கள் மனைவிக்கு இந்த வேலை பழகிவிடட்டும்.

கேள்வி: ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை எடுத்தால் என் பிள்ளையின் ஆட்டிசம் முழுக்கக் குணமாகும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். கடன் வாங்கலாமா? தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வந்தது என்றும் அங்கேயே சொன்னார்கள்.

பதில்: வாங்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. "முழுக்கக் குணம்" என்று உறுதி சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். தடுப்பூசிக் கதை 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் கிளம்பியது. 2010-இல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. இரண்டையும் ஒரே இடத்தில் சொன்னார்கள் என்றால் அந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் பேரனுக்கு 5 வயது, ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. நடு ராத்திரி எழுந்து வீடு முழுக்க ஓடுகிறான். என் மகள் சரியாகத் தூங்கி வருஷக்கணக்காகிறது. எனக்கு 67 வயது, அவன் பின்னால் ஓட முடியாது. நான் என்னதான் செய்வது?

பதில்: நீங்கள் ஓடவே வேண்டாம் அம்மா. அவன் விழித்திருந்தாலும் ஆபத்தில்லாத ஒரு அறையைத் தயார் செய்யச் சொல்லுங்கள். அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகுங்கள், ஜன்னலுக்குக் கம்பி, வாசல் கதவுக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், மருந்துகள் பூட்டில். இவ்வளவும் இருந்தால் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஒருவர் போதும். அந்த ஒருவர், முன்னிரவில் மட்டும், நீங்களாக இருக்கலாம். அந்த நேரத்தில் மகள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். விட்டு விட்டு எட்டு மணி நேரம் தூங்குவதைவிட விடாமல் நான்கைந்து மணி நேரம் தூங்குவது மேல்.

இன்னொரு உதவியும் உட்கார்ந்தபடியே செய்யலாம். ஒரு நோட்டில் எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது எழுந்தான், குறட்டை உண்டா, வாயைத் திறந்து தூங்கினானா, அன்று மலம் கழித்தானா என்று இரண்டு வாரம் எழுதுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கப் பிரச்சினை உண்டுதான். ஆனால் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், வீங்கிய டான்சில், இரும்புச்சத்துக் குறைவு, வலிப்பு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பின்னால் ஒளிந்திருக்கலாம். பேசத் தெரியாத பிள்ளை "வயிறு வலிக்குது" என்று வந்து சொல்லாது, எழுந்து ஓடும். மெலடோனின் (தூக்கத்துக்கு உதவும் ஹார்மோன் மருந்து) சிலருக்குப் பலன் தரும், அதை டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. உங்கள் நோட்டைப் பார்த்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

மகளுக்கு அறிவுரை சொல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்" போதும்.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகளுக்கு 10 வயது. பீரியட்ஸ் வந்தால் எப்படிச் சமாளிப்பாள் என்று பயமாக இருக்கிறது. இப்போதே சொன்னால் புரியுமா?

பதில்: மற்றப் பெண் குழந்தைகளுக்கு வருகிற வயதை ஒட்டித்தான் அவளுக்கும் வரும், ஆக இப்போதுதான் சரியான நேரம். விளக்கத்தைக் குறைத்துப் பழக்கத்தைக் கூட்டுங்கள். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் நாப்கினை வைத்துக்கொண்டு இருக்கட்டும். உள்ளாடையில் நாப்கின் வரவேண்டிய இடத்தைத் துணி மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். கொஞ்சம் சிவப்புத் தண்ணீர் தெளித்து, எப்போது மாற்ற வேண்டும், எப்படிச் சுருட்டி எதில் போட வேண்டும் என்று செய்து காட்டுங்கள். இதை அம்மா, டீச்சர் என்று யார் யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

உடல் உறுப்புகளின் சரியான பெயர்களையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால், எங்கே என்று சொல்ல அவளுக்கு வார்த்தை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை அவசியம். மந்தமாக இருக்கிறாள், எடை கூடுகிறது என்றால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 14 வயது. தம்பிக்கு ஆட்டிசம். சத்தம் போடுவான், என் நோட்டைக் கிழிப்பான். ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் அழுவார். நான் கெட்ட அக்காவா?

பதில்: இல்லைடா. தம்பி மேல் பாசமும் இருக்கும், வெட்கமும் வரும், சில நாள் எரிச்சலாகவும் இருக்கும். மூன்றும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். ஃப்ரெண்ட்ஸ் கேட்டால், "என் தம்பிக்கு ஆட்டிசம், சத்தம் போடுவான், அடிக்க மாட்டான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். நீ சாதாரணமாகச் சொன்னால் அவர்களும் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் முகம் சுளிக்கிறவளை இரண்டாவது தடவை கூப்பிடாதே.

இதை அம்மா அப்பாவிடம் காட்டு, அவர்களுக்கும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். பெற்றோரே, இவள் பொருள்களுக்குப் பூட்டு உள்ள ஒரு அலமாரி கொடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், தம்பியைப் பற்றிய பேச்சே இல்லாமல், இவளோடு மட்டும் இருங்கள். "எங்களுக்கப்புறம் நீதான் அவனைப் பார்த்துக்கணும்" என்று 14 வயதுப் பிள்ளையிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் அவள் மனதில் உள்ளதைச் சொல்லி முடிக்கவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. கணவர் இல்லை. எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பணம், பாதுகாவலர் விஷயங்களுக்கு, உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை இந்த ஆண்டுக்குள் பார்த்துவிடுங்கள். அதை நான் சொல்லித் தீர்க்க முடியாது. அதற்கு முன் அவனிடம் பேசியிருக்கிறீர்களா? யாரோடு இருக்கப் பிடிக்கும், எது பிடிக்காது என்று? மாற்றுத்திறனாளிகள் எங்கே, யாரோடு வாழ்வது என்று தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை ஐ.நா. 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. வார்த்தையால் சொல்ல வராவிட்டாலும், யார் வந்தால் முகம் மலர்கிறது, யார் வந்தால் அறைக்குள் போய்விடுகிறான் என்பதும் பதில்தானே.

நீங்கள் தனியாகத் தொடங்கக்கூடியது ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் மாத்திரையின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, மருத்துவர். அடுத்து, உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை. என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்: "இடது காதை அழுத்திப் பிடித்தால் தலைவலி. முகச்சவரத்துக்கு மெஷினைக் காட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கவும். 'சரி' என்று இரண்டு தடவை சொன்னால் அவனுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். மின்சாரம் போனால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பேசக் கூடாது." இதெல்லாம் எந்த மருத்துவச் சான்றிதழிலும் இருக்காது.

பத்துப் பக்கம் எழுதியதும் நிறுத்துங்கள். உங்கள் தங்கையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, நம்பிக்கையான ஒருவரிடம் அந்த நோட்டையும் மகனையும் ஒரு அரைநாள் ஒப்படைத்துவிட்டு வெளியே போங்கள். அவர் போன் பண்ணி, "இவன் இப்படிச் செய்றானே, என்ன பண்ணட்டும்?" என்று கேட்கிற ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினோராம் பக்கத்தில் எழுத வேண்டியவை அவைதான்.